பெட்டிக்கு ஒரு விலை, ஏலத்துக்கு ஒரு விலை

இணையத்தில் ஏலம் நடத்தும் புலம்பெயர் ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கனடா, இங்கிலாந்து, பிரான்ஸ், சுவிஸ், அவுஸ்திரேலியா என்று நீங்கள் இருக்கும் இடமெல்லாம் ஊருக்கொரு சங்கமும் பள்ளிக்கூடத்துக்கொரு சங்கமும் நடத்துகிறீர்கள். இராப்போசன விருந்தும் கலைவிழாவும் வைத்துக் காசு சேர்த்தது போதாதென்று இப்போது முகநூல் நேரலையிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் ஏலம் வைக்கிறீர்கள். பனையோலைப் பெட்டி, கடகம் என்கிற பெரிய கூடை, பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி, புடைக்கிற சுளகு, பாய் என்று ஊர்ப் பொருட்கள் அதில் வருகின்றன. சேரும் காசு இங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தாங்கியாகவோ நாலு பிள்ளைகளின் படிப்புச் செலவாகவோ வந்து சேருகிறது. அதில் ஒரு குறையும் சொல்ல வரவில்லை.

நான் ஓலை இழைப்பவள் அல்ல. தென்மராட்சிப் பக்கம் இழைக்கிற பெண்களிடம் பொருட்களை வாங்கி, படம் எடுத்து, பொதி கட்டி அனுப்புகிறவள். உங்களில் சிலரோடு தொலைபேசியில் கதைத்தும் இருக்கிறேன். ஆனால் நல்ல காரியம் செய்கிறவர்களிடம் கணக்குக் கேட்பது கஷ்டமான வேலை. நாங்கள் வாயைத் திறந்தால், "உங்களுக்காகத்தானே செய்கிறோம்" என்று ஒரு வார்த்தை வந்து விழும். அதற்குப் பிறகு என்ன கதைக்கிறது? அதனால் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். ஏலம் தொடங்குவதற்கு முன்பே, இழைத்தவருக்குரிய விலையை முழுதாகக் கொடுத்துப் பொருளை வாங்கிவிடுங்கள். பிறகு அதை ஒரு டொலருக்கு விட்டாலும் சரி, ஆயிரம் டொலருக்கு விட்டாலும் சரி, அது உங்கள் ஏலம், உங்கள் நிதி.

இப்போது பெரும்பாலும் எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பொருளை அனுப்பச் சொல்லுகிறீர்கள், அல்லது படத்தை மட்டும் அனுப்பச் சொல்லுகிறீர்கள். ஏலம் நடக்கிறது. எடுத்தவர் காசு கட்டுகிறார். செலவு கழிகிறது, நிதிக்கு ஒரு பங்கு போகிறது, மிச்சம் இங்கே வருகிறது. எடுத்தவர் கட்டாவிட்டால் ஒன்றும் வராது. விலை ஏறாவிட்டால் கொஞ்சம் வரும். பொதி உடைந்தால், சுங்கத்தில் மறித்தால், பார்த்துச் சொல்லுகிறோம் என்பார்கள். ஆக, இந்தச் சங்கிலியில் இருக்கிறவர்களில் ஆகக் குறைந்த காசு வைத்திருக்கிறவர் தலையிலேதான் முழு நட்ட அபாயமும் இருக்கிறது. கொடிகாமம் சந்தைக்குக் கொண்டுபோனால் வியாபாரி அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார், உண்மை. ஆனால் பின்னேரம் திரும்பும்போது கையில் காசு இருக்கும்.

பெயர் சொல்லாமல் ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு சங்கத்தின் ஏலத்துக்கு ஒரு மாமி இழைத்த மூடுபெட்டி போனது. சாயம் போட்ட குருத்தோலையில், மூடியிலும் அடியிலும் ஒரே கோலம் வருகிற மாதிரி இழைத்தது. ஏலத்தில் அது 140 கனேடிய டொலருக்குப் போயிற்று. அந்த நேரலையை மாமியின் மருமகன் கைபேசியில் காட்டியிருக்கிறான். இரண்டு மாதம் கழித்து மாமிக்கு வந்தது, வழமையாக நான் கொடுக்கிற பெட்டி விலை. செலவும் நிதியும் போக இவ்வளவுதான் என்றார்கள். மாமி என்னிடம் வந்து, "பிள்ளை, அவை காட்டினது என்ர பெட்டிதானே?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே சந்தேகத்தில் கேட்டார். தன் பெட்டியாக இருந்தால் இவ்வளவு காசு போயிருக்காது, வேறு யாருடையதோ என்று அவருக்கு ஒரு எண்ணம்.

அதோடு முடியவில்லை. அடுத்த முறை பெட்டி கேட்டபோது மாமி விலையை நாலு மடங்காகச் சொன்னார். அவரில் பிழையில்லை. கண்ணால் பார்த்த விலையைத்தான் சொன்னார். அந்த விலைக்கு நான் வாங்கினால் கடையில் யாருக்கு விற்பது? வாங்காவிட்டால் மாமிக்கு நான் கள்ளி. கடைசியில் அந்தப் பெட்டிகளை அவர் சந்தைக்குக் கொண்டுபோய், அங்கே சிரிப்பு வாங்கிக்கொண்டு, முன்பு நான் கொடுத்ததை விடக் குறைவாக விற்றுவிட்டு வந்தார். ஒரு இரவு ஏலம் ஒரு வருட வியாபாரத்தைக் குழப்பிவிட்டுப் போனது. அந்தச் சங்கத்தார் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை என்பதை நான் நம்புகிறேன். அவர்கள் விற்றது நன்கொடை. மாமி பார்த்தது பெட்டியின் விலை. இரண்டுக்கும் ஒரே படத்தைக் காட்டினால் குழப்பம் வராமல் என்ன செய்யும்?

ஏலம் எங்களுக்குப் புதிது இல்லை. குருநகரிலும் பாசையூரிலும் கரைக்கு வருகிற மீனை விடிய விடியக் கூறித்தான் விற்கிறார்கள். மீன் மத்தியானம் வரைக்கும் நிற்காது. ஒவ்வொரு நாளும் அளவு மாறும், இனம் மாறும், விலை இன்னதென்று முதல் நாளே சொல்ல முடியாது. அதனால் ஏலம் அங்கே பொருந்துகிறது. கோயில் ஏலம் வேறு விதம். திருவிழா முடிய, சுவாமிக்குப் படைத்த மாம்பழத்தையோ சேலையையோ ஏலம் விடுவார்கள். ஒரு மாம்பழம் இலட்சக்கணக்கில் போன செய்திகளைப் பத்திரிகையில் நீங்களும் படித்திருப்பீர்கள். அங்கே ஒருவரும் மாம்பழத்துக்கு விலை கேட்கவில்லை. நேர்த்திக்கும் கோயில் கட்டட நிதிக்கும் கொஞ்சம் பெருமைக்கும் கேட்கிறார்கள். தோட்டக்காரர் அடுத்த நாள் திருநெல்வேலிச் சந்தையில் நின்றுகொண்டு, கோயிலில் போன விலைக்குத் தா என்று கேட்பதும் இல்லை. ஏனென்றால் அவர் தன் மாம்பழத்தின் காசை எப்போதோ வாங்கிவிட்டார், அல்லது தானாகவே கோயிலுக்குக் கொடுத்துவிட்டார்.

உங்கள் ஏலம் இந்தக் கோயில் ஏலத்தின் பிள்ளை. ஆனால் அதை மீன் ஏலம் போல் நடத்துகிறீர்கள். எங்கள் சிக்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

நீத்துப்பெட்டி அழுகாது. இன்று விற்காவிட்டால் நாளைக்கு விற்கலாம். அதன் விலையும் மர்மமில்லை. ஓலைக்கு இவ்வளவு, சாயத்துக்கு இவ்வளவு, வார்ந்து இழைக்கிற நேரத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்க்கலாம். அப்படிப்பட்ட பொருளுக்கு ஏலமே தேவையில்லை என்பது என் எண்ணம். இணைய ஏலத்தைப் பெரிதாக்கிய ஈபேயின் கதையே இதைச் சொல்கிறது. 1995இல் பியர் ஒமிடியார் அதைத் தொடங்கியபோது முதலில் விற்ற பொருள் ஒரு பழுதான லேசர் சுட்டி, 14.83 டொலருக்கு. பழுதானது என்று தெரியுமா என்று அவர் வாங்கியவரைக் கேட்க, பழுதான சுட்டிகளைத்தான் சேர்க்கிறேன் என்றாராம் அவர். பழுதான சுட்டிக்கு என்ன விலை வைப்பது? யாருக்கும் தெரியாது. அதனால் ஏலம். ஆனால் வழக்கமான பொருட்கள் பெருகியதும் அதே ஈபே 2000ஆம் ஆண்டில் குறித்த விலைக்கு உடனே வாங்குகிற வசதியைச் சேர்த்தது. கைவினைப் பொருட்களுக்கென்றே 2005இல் தொடங்கிய எட்சியில் ஏலமே கிடையாது, விற்பவர் விலை வைப்பார், பிடித்தவர் வாங்குவார். கையால் செய்பவர்களின் சந்தை உலகத்தில் எந்தப் பக்கம் போனது என்பதற்கு இது போதும்.

அப்படியானால் எதை ஏலத்தில் விடலாம்? ஒன்றே ஒன்றாக இருப்பதை விடுங்கள். பெரிய கடகத்திலிருந்து சுண்டுவிரல் அளவுப் பெட்டி வரைக்கும் ஒன்றுக்குள் ஒன்று போகிற அடுக்குப்பெட்டி ஒரு தொகுதி செய்ய ஒரு சிலரால்தான் முடியும். பழைய மாதிரிக் கொட்டப்பெட்டியை மூலை பிசகாமல் இழைக்கிற கைகளும் இப்போது குறைவு. இரட்டையாக இழைத்து விளிம்புக்கு நார் பொத்திய கடகத்தை இன்றைய பிளாஸ்ரிக் கூடைக்குப் பழகியவர்கள் கையில் எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். இவற்றுக்கு ஏலம் வடிவாகப் பொருந்தும். ஒரே மாதிரி இருபது இடியப்பத் தட்டை வரிசையாக ஏலம் விடுவதோ, பார்க்கிறவர்களுக்கும் அலுப்பு, விலைக்கும் கேடு. முதல் தட்டுக்குக் கேட்டவர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். கடைசித் தட்டு வரும்போது நேரலையில் ஏற்பாட்டாளரின் மனைவி மட்டும்தான் இருப்பார்.

ஏலத்தின் நடைமுறையிலும் சில சொல்ல வேண்டும். ஒரு டொலரில் தொடங்குவது சனத்தைக் கூட்டும் என்று நினைக்கிறீர்கள். ஏலம் ஏற வேண்டுமானால் ஒரே பொருளில் ஆசை உள்ள இரண்டு பேராவது வேண்டும். ஒருவர்தான் என்றால் ஒரு டொலரிலேயே முடிந்துவிடும். எங்கள் ஆட்களிடம் இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. தலைவர் அண்ணா ஒரு தொகை கேட்டுவிட்டால் அதற்கு மேல் கேட்க மற்றவர்களுக்குக் கூச்சம். "அண்ணா கேட்டிட்டார், விடுவம்" என்று இருந்துவிடுவார்கள். சில வேளை இதற்கு நேர்மாறாக, வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் ரொறன்ரோவிலிருந்துகொண்டே போட்டி போட்டு ஒரு சுளகை வானத்துக்கு ஏற்றிவிடும். இரண்டிலும் சுளகுக்கும் விலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆகவே தொடக்க விலை என்பது நீங்கள் இழைத்தவருக்குக் கொடுத்த விலையாகவோ அதற்கு மேலாகவோ இருக்கட்டும். அதற்குக் கீழே கேட்க யாரையும் விடாதீர்கள்.

முடிகிற நேரத்தையும் ஒருக்கால் யோசியுங்கள். கோடை காலத்தில் ரொறன்ரோவில் சனி இரவு 9 மணி என்றால் லண்டனில் விடிகாலை 2 மணி, எங்களுக்கு ஞாயிறு காலை 6.30. லண்டன்காரர் தூங்குகிறார், நாங்கள் முற்றம் கூட்டுகிறோம். மணிக்கூடு 9ஐத் தொட்டதும் ஏலம் முடிந்தது என்று அறிவிப்பதால், கடைசி நொடியில் கேட்கிறவர் தட்டிக்கொண்டு போகிறார். இணையம் மெதுவானவர் ஏமாறுகிறார். அல்வின் றொத், அக்செல் ஒக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. குறித்த நொடியில் முடிகிற ஈபே ஏலத்தில் கடைசி நேரக் கேள்விகள் குவிந்தன. புதிதாக யாராவது கேட்டால் நேரம் தானாக நீண்ட அமேசான் ஏலத்தில் அப்படிக் குவியவில்லை. எங்கள் கரையிலும் கோயிலிலும் "ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம்" என்று சொல்லிச் சொல்லி நிறுத்துவதும் அந்த நீட்டுதல்தானே. நேரலையிலும் அப்படியே செய்யலாம். கடைசிக் கேள்வி வந்து ஐந்து நிமிடம் யாரும் கேட்காவிட்டால் முடியட்டும்.

விலையை ஏற்றுவதற்கென்று தங்கள் ஆளையே கேட்கவிடுகிற பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. நிதிக்குத்தானே என்று சொல்லலாம். ஆனால் அந்த ஆளிலேயே ஏலம் நின்றுவிட்டால் பொருளும் நிற்கும், காசும் வராது. இங்கே இருக்கிறவருக்கு, உங்கள் பெட்டி விலைபோயிற்று என்று செய்தி மட்டும் வரும்.

இனி வருவது எனக்கு ஆகவும் மனம் பொறுக்காத விடயம். ஏலப் பொருளுக்குக் கீழே நீங்கள் எழுதுகிற குறிப்பு. "போரில் கணவனை இழந்து மூன்று பிள்ளைகளுடன் தவிக்கும் தாயின் கைவண்ணம்" என்று எழுதுகிறீர்கள். அந்தத் தாயின் முகப்படமும் போடுகிறீர்கள், சில வேளை குடிசையின் படமும். எழுதியது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அவரிடம் கேட்டுவிட்டா எழுதினீர்கள்? அந்தப் படம் முகநூலில் சுற்றி அதே ஊருக்கே திரும்பி வருகிறது. பிள்ளை படிக்கிற வகுப்புக்கு வருகிறது. ஒரு பெண்பிள்ளை அதனால் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நின்றதை அதன் தாய் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அதற்குப் பதிலாக வேலையைப் பற்றி எழுதுங்கள். எழுத எவ்வளவோ இருக்கிறது. குருத்தோலையா, சார்வோலையா? குருத்து என்றால் வெள்ளையாக, மென்மையாக வரும்; சார்வோலை முரடு, ஆனால் பாரம் தாங்கும். ஓலையை வெயிலில் காயவிட்டு, ஈர்க்கு நீக்கி, சத்தகம் என்கிற சிறு கத்தியால் ஒரே அகலத்தில் வார்ந்தெடுப்பது பாதி வேலை. வார்ந்தது ஒழுங்கில்லை என்றால் இழைத்தது கோணும். சாயம் ஓலைக்குள் ஊற வேண்டும். எத்தனை இழை, என்ன கோலம், எந்தப் பாவனைக்கு, எத்தனை சென்ரிமீற்றர், கழுவலாமா, வெயிலில் வைக்கலாமா. இழைத்தவர் விரும்பினால் அவருடைய பெயர். ஒரு தச்சருடைய கதிரையை விற்கும்போது தச்சரின் குடும்பத் துன்பத்தையா எழுதுவீர்கள்? மரம் என்ன, வேலைப்பாடு என்ன என்றுதானே எழுதுவீர்கள். இரக்கத்துக்காக வாங்கிய பெட்டி அலுமாரிக்கு மேலே தூசு பிடித்துக் கிடக்கும். பெட்டி வடிவு என்று வாங்கியவர்தான் அடுத்த வருடமும் இன்னொன்று கேட்பார்.

பொதி அனுப்புகிற கதைக்கு வருவோம். இது நான் ஒவ்வொரு கிழமையும் மாரடிக்கிற விடயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஓலைப் பொருள் பாரமில்லை, ஆனால் இடம் பிடிக்கும். பல கூரியர் நிறுவனங்கள் நிறுத்துப் பார்த்த எடையையும் கனவளவால் வருகிற எடையையும் ஒப்பிட்டு, கூடியதற்கே காசு எடுக்கும். நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பொதுவான கணக்கு. 40க்கு 40க்கு 30 அளவுப் பொதியில் ஒரு கடகத்தை வைத்தால் 48,000, வகுத்தால் 9.6 கிலோ. உள்ளே இருக்கிற கடகம் ஒரு கிலோவும் வராது. இந்தக் கணக்குத் தெரியாமல் ஏலத்தில் "தபாற் செலவு இலவசம்" என்று அறிவித்துவிட்டு, பிறகு அந்தச் செலவை விற்ற காசிலிருந்து கழிக்கிறீர்கள். கழித்தால் மிச்சம் என்ன இருக்கும்? அடுக்குப்பெட்டி என்றால் அதே பொதிக்குள் ஐந்து பெட்டி போகும். இரண்டு கடகத்துக்கு இடையில் நாலு சுளகு நெருங்கிப் போகும். ஆகவே ஏலத்தில் எடுத்த பிறகு ஒவ்வொருவருக்கும் இங்கிருந்து தனித்தனியாக அனுப்பச் சொல்லாதீர்கள். முன்பே மொத்தமாக ஒரே பொதியில் எடுத்துக்கொண்டு, பொருள் உங்கள் கையில் இருக்கும்போது ஏலத்தை வையுங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு ஆடி ஆவணியில் வருகிறவர்கள் திரும்பிப் போகும்போது பெட்டிக்குள் பெட்டியாக எடுத்துப்போகலாம். வரும்போது சொக்லேற்று நிறைந்து வந்த சூட்கேஸ் போகும்போது பாதி வெறுமையாகத்தானே போகிறது.

சுங்கத்தில் "அன்பளிப்பு" என்று எழுதிவிடுங்கள் என்று பலர் சொல்லுகிறார்கள். விற்ற பொருளை அன்பளிப்பு என்று எழுதுவது பொய். அகப்பட்டால் பொதி நிற்கும், பதில் சொல்ல வேண்டியது கையெழுத்துப் போட்டு அனுப்பிய நான். விதிகளும் நாட்டுக்கு நாடு வேறு. கனடாவுக்கு இங்கிருந்து தபாலில் போகிற பொருள் 20 கனேடிய டொலருக்கு மேல் என்றால் வரி வரலாம், உண்மையான அன்பளிப்புக்கு 60 டொலர் வரைக்கும் விலக்கு. இங்கிலாந்தில் அன்பளிப்பு விலக்கு 39 பவுண்; விற்ற பொருள் 135 பவுணுக்குள் என்றால் விற்கும்போதே வற் வரி சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் 800 டொலர் வரைக்கும் வரியில்லாமல் போன காலம் 2025 ஆகஸ்ட் 29உடன் முடிந்துவிட்டது. அவுஸ்திரேலியாவில் வரியை விட உயிர்ப் பாதுகாப்புப் பரிசோதனை கடுமை. காய்ந்த ஓலைப் பொருளில் பூச்சியோ மண்ணோ விதையோ இருக்கக் கூடாது. பெட்டிக்குள்ளே ஆசைக்கு இரண்டு பனங்கொட்டை வைத்து அனுப்புங்கள் என்று கேட்கிற மெல்பேர்ண்காரர் தயவுசெய்து இந்த வரியை இன்னொரு தரம் வாசிக்கவும்.

காசு வருகிற வழியிலும் உங்களுக்குப் பொறுப்பு இருக்கிறது. பேபாலில் இலங்கைக் கணக்குக்காரர் வெளியே காசு கட்டலாம், ஆனால் வெளியிலிருந்து வாங்க முடியாது என்பதுதான் பல வருடங்களாக எங்கள் நிலை. ஈபேயில் விற்கிற இலங்கையர் பயோனியர் என்கிற இன்னொரு இணையக் காசுச் சேவையில் கணக்கு வைத்துச் சமாளிக்கிறார்கள். எழுபது வயது மாமிக்கு அதெல்லாம் ஆகிற காரியமில்லை. ஆகவே ஏலக் காசு முழுவதும் உங்கள் பொருளாளர் ஒருவரின் கணக்கில்தான் போய்ச் சேருகிறது. அங்கே எவ்வளவு வந்தது, எவ்வளவு கழிந்தது, எவ்வளவு நிதிக்குப் போனது என்று ஒரு கடதாசியில் எழுதி, தமிழில், இழைத்தவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். விலையை முன்பே கொடுத்துவிட்டீர்கள் என்றால் அந்தக் கடதாசியைப் பார்த்து ஒருவரும் வயிறெரிய மாட்டார்கள். என் பெட்டி 140 டொலருக்குப் போயிருக்கிறது, அதில் பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு போயிருக்கிறது என்று மாமியே தெருவெல்லாம் சொல்லித் திரிவார். ஏலத்தில் நன்றாக ஏறினால் இழைத்தவருக்கு மேலதிகமாக ஒரு பங்கு கொடுக்க விருப்பமா, அதையும் ஏலத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு கொடுத்தால் தயவு, முன்பே சொன்னால் பேச்சு.

எடுத்துவிட்டுக் காசு கட்டாதவர்களைப் பற்றிக் கனக்க எழுத வேண்டியதில்லை. உங்களுக்கு அவர்களைத் தெரியும், அடுத்த விருந்திலும் பக்கத்து மேசையில் இருப்பார்கள். ஒரு கிழமைக்குள் கட்டாவிட்டால் அடுத்தபடியாகக் கேட்டவருக்குப் போகும் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டால் ஒருவரின் முகமும் முறியாது.

இடையில் ஒன்று. அண்மைக் காலத்தில் சில ஏலங்களில் கைப்பணிப் பொருளோடு பழைய ஏட்டுச்சுவடி, பழங்காலக் குத்துவிளக்கு என்றும் போடுகிறார்கள். வீட்டில் கிடந்ததுதானே என்று யோசிக்கிறார்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின் கீழ் தொல்பொருளை அனுமதியில்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. என் பொதிக்குள் அப்படி ஏதும் வைக்கச் சொல்லி ஒருவரும் கேட்க வேண்டாம்.

பொருட்களுக்கு யாரைத் தொடர்புகொள்வது என்று கேட்பீர்கள். என்னைத்தான் என்று இல்லை. பனை அபிவிருத்திச் சபை 1978இலிருந்து இருக்கிறது, அதன் கற்பகம் விற்பனை நிலையத்துக்குப் போனால் பொருட்களையும் அவற்றின் விலையையும் நேரே பார்க்கலாம். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் பகுதி பகுதியாக இருக்கின்றன. மாதர் சங்கங்களில் இழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கே வாங்கினாலும் கடை விலை என்ன என்று முதலில் விசாரியுங்கள். அதுதான் உங்கள் ஏலத்தின் அடிமட்டம். இழைத்தவர் அதற்கு மேல் கேட்டால் ஏன் என்று கேளுங்கள், காரணம் சொல்லுவார். சொல்லத் தெரியாதவர் ஒருவரையும் நான் இன்னும் காணவில்லை.

கடைசியாகக் காலம். நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் ஏலம் வைப்பது உங்களுக்கு வசதி. எங்களுக்கு அது மாரி. ஐப்பசி பிறந்து மழை பிடித்தால் ஓலை காயாது. காயாத ஓலையில் இழைத்ததைப் பிளாஸ்ரிக் உறையில் சுற்றி அனுப்பினால் திறக்கும்போது பூஞ்சணம்தான் இருக்கும். கார்த்திகையில் படம் கேட்டு, மார்கழியில் ஐம்பது பெட்டி கேட்டால் யாராலும் தர முடியாது. தருகிறோம் என்று சொல்லுகிறவரை நம்பவும் வேண்டாம். நத்தார், பொங்கல் ஏலத்துக்கு எத்தனை, என்ன அளவு, என்ன சாயம் என்பதை ஆனி முடியமுதல் சொல்லுங்கள். சொல்லும்போதே பாதிக் காசை வங்கிக்கு அனுப்புங்கள், ஓலைக்கும் சாயத்துக்கும் அது வேண்டும். மிச்சத்தைப் பொருள் கைக்கு வந்ததும் கொடுத்தால் போதும். புரட்டாதிக்குள் காயவைத்து, எண்ணி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிப் பொதி கட்டித் தருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
தென்மராட்சியிலிருந்து உங்களுக்குப் பொதி கட்டுகிற ஒருத்தி